பூப்பக்கத்தில் ஒரு பெயர்

ரூபாய் நோட்டில் இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பம் இருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். அது யாருடைய பெயர் என்று ஊன்றிப் படித்தவர்கள் மிகச் சிலராகவே இருப்பர். படிக்க வேண்டிய தேவையும் நமக்கு நேர்வதில்லை. கையொப்பத்திற்குப் பின்னால் ஒரு நிறுவனம் நிற்கிறது என்பதே போதுமானதாக இருக்கிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கு வழங்கிய வெள்ளிக் காசு ஒவ்வொன்றின் பூப்பக்கத்திலும், அதை அடித்தளித்த மனிதரின் பெயரும் அவருடைய ஊரின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. வெள்ளியின் தரம் குறைந்தது என்று முடிவானால், அந்தப் பெயருக்குரியவர் தம் வலது கையை இழக்க நேரிடும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, அவ்வாறே நடந்தது.

இடைக்கால இங்கிலாந்தின் இந்தச் சம்மட்டிக் காசுகளைச் சேகரிப்போர் உலகெங்கும் உள்ளனர். நம் நாட்டிலும் சிலர் இருக்கின்றனர். நான் அவர்களுள் மிகச் சிறியவன். என்னிடம் உள்ளவை பதினொரு காசுகளே. அவற்றுள்ளும் ஒன்று போலி. வரலாறு என் பாடமன்று; வணிகவியல் பட்டம் பெற்று வங்கிப் பணிக்கு வந்தவன். ஆயினும், ஒவ்வொரு வவுச்சரிலும் எழுதியவர் யார், சரிபார்த்தவர் யார் என்று கையொப்பத்தைத் தேடியே இருபது ஆண்டுகளைக் கழித்த கண்ணுக்கு இந்தக் காசுகள் அயலாகத் தோன்றவில்லை. இவற்றை இனங்காண்பதும் ஏறத்தாழ அதே வேலைதான்.

சம்மட்டியின் கீழ்

நாணயம் அடிக்கும் இடத்திற்கு அக்கசாலை என்னும் பழஞ்சொல் தமிழில் உண்டு. அங்கே பொறுப்பேற்றுப் பணி செய்தவர்களை அக்கசாலையர் என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

இடைக்கால அக்கசாலையில் எந்திரம் ஏதும் இல்லை. வெள்ளியை உருக்கித் தகடாகத் தட்டி, வட்ட வில்லைகளாக வெட்டுவர். கீழச்சின் அடியில் ஆணி போன்ற கூர்முனை இருக்கும்; அதைக் கனமான மரக்கட்டையில் இறக்கி நிறுத்துவர். அதன்மேல் வில்லையை வைத்து, மேலச்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் சம்மட்டியை ஓங்கி அடிப்பர். கீழச்சில் மன்னரின் தலை. மேலச்சில் சிலுவையும் பெயரும். அடியை நேரே வாங்குவதால் மேலச்சு விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே ஒரு கீழச்சுக்கு இரண்டு மேலச்சுகள் என்ற கணக்கில் வழங்குவது வழக்கமாயிற்று.

இந்தச் செய்முறையின் தடங்கள் காசில் அப்படியே நிற்கும். உரு நடுவில் அமையாமல் ஒருபுறம் சாய்ந்திருக்கும். ஓரிடத்தில் எழுத்து ஆழப் பதிந்து, எதிர்ப்புறத்தில் வெறும் தட்டையாக இருக்கும். கை அசைந்து இருமுறை அடிபட்டிருந்தால் மன்னருக்கு இரண்டு மூக்குகள் இருக்கும். நம் நாணயங்களில் முன்பக்கமும் பின்பக்கமும் எப்போதும் ஒரே கோணத்தில் பொருந்தியிருக்கும். இவற்றில் ஒவ்வொரு காசும் ஒவ்வொரு கோணம். இவற்றைக் குறைகள் என்று புதியவர் ஒதுக்கிவிடுவதுண்டு. மாறாக, எல்லாம் மிகச் சீராக இருந்தால்தான் ஐயுற வேண்டும்.

எழுத்துகளைப் படிக்கவும் இந்தச் செய்முறையை அறிந்திருப்பது உதவும். அச்சு செய்தவர் ஒவ்வோர் எழுத்தையும் செதுக்கவில்லை. நேர்கோடு, பிறை, ஆப்பு எனச் சில உளிமுனைகளைக் கொண்டு ஒன்றோடொன்று சேர்த்து அடித்தே எழுத்துகளை உருவாக்கினார். அதனால் சில எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் கம்பிகளாகவே தோன்றும். முதல் மாதம் கண் பிடிபடாது. பிறகு திடீரெனப் படிக்க வந்துவிடும்.

ஒரே ஒரு காசு

எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெர்சியா நாட்டு மன்னர் ஆஃபாவின் காலத்தில் அகன்ற வெள்ளிப் பென்னி நிலைபெற்றது. அதன்பின் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் இங்கிலாந்தில் பெருவழக்கில் இருந்த நாணயம் அது ஒன்றே. பவுண்டு, ஷில்லிங் எல்லாம் கணக்கேட்டில் மட்டுமே இருந்தன. 12 பென்னி ஒரு ஷில்லிங், 240 பென்னி ஒரு பவுண்டு என எழுதுவர். எண்ணிக் கொடுப்பதோ பென்னியைத்தான். எடை ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. நம் ஒரு ரூபாய் நாணயத்தின் எடையில் பாதிகூட இல்லை. வெள்ளியின் தூய்மை நூற்றுக்கு 92.5 பங்கு. நகைக் கடையில் வெள்ளிப் பொருள்களில் 925 என்ற முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டெர்லிங் வெள்ளி என்பது அதுவே. ஸ்டெர்லிங் என்பது தொடக்கத்தில் இந்தப் பென்னிக்கே வழங்கிய பெயர்.

சில்லறைக்கு என்ன செய்தனர்? காசையே வெட்டினர். பூப்பக்கத்துச் சிலுவை வெட்டுவதற்கான கோடாகவும் பயன்பட்டது. இரண்டாக வெட்டினால் அரைப்பென்னி. நான்காக வெட்டினால் ஃபார்த்திங். நாலில் ஒன்று என்பதே அச்சொல்லின் பொருள். நம் காலணாவைப் போல. வணிகர்கள் மட்டுமன்றி அக்கசாலைகளிலேயே காசுகள் வெட்டப்பட்டன என்று ஆய்வாளர் கருதுகின்றனர். இந்த வெட்டுத்துண்டுகள் முழுக் காசுகளைவிட மலிவாகக் கிடைக்கும். எனக்கு அவற்றின்மேல் தனிப் பற்று உண்டு. முழுக் காசு பெட்டியில் உறங்கியிருக்கலாம், வெட்டுத்துண்டு கட்டாயம் சந்தைக்குப் போயிருக்கும்.

பெயர் பொறிக்கும் முறைக்கு வருவோம். 973ஆம் ஆண்டையொட்டி எட்கர் மன்னர் நாட்டின் நாணயமுறையைச் சீர்படுத்தினார். எந்த ஊரில் அடித்தாலும் ஒரே வடிவம், ஒரே மன்னர் முகம். பூப்பக்கத்தில் அக்கசாலையர் பெயரும் ஊர்ப்பெயரும். சில ஆண்டுகளுக்கொரு முறை வடிவம் மாறும். மக்கள் பழைய காசைக் கொடுத்துப் புதியதைப் பெற வேண்டும். அந்த மாற்றத்தில் அரசுக்கும் அக்கசாலையருக்கும் வருவாய் உண்டு. 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே ஏட்டில் ஊஸ்டர் நகரைப் பற்றிய குறிப்பு ஒன்று, நாணயம் மாறும்போது ஒவ்வோர் அக்கசாலையரும் அச்சு பெறுவதற்காக லண்டனில் 20 ஷில்லிங் செலுத்தினார் என்கிறது. இன்றைய சொல்லில் உரிமக் கட்டணம்.

இவர்கள் வெறும் தொழிலாளர் அல்லர். ஊரில் செல்வாக்குடைய செல்வர்கள். சம்மட்டி பிடித்தவர் கூலியாளாகவே இருந்திருப்பார். பெயர் பொறித்தவர் பொறுப்பாளர். அந்தப் பொறுப்பு எத்தகையது என்பது முதலாம் ஹென்றியின் காலத்தில் தெரியவந்தது. சந்தைக்கு ஒரு பவுண்டு கொண்டு சென்றவர் 12 பென்னிக்குரிய பொருளைக்கூட வாங்க முடியாதபடி நாணயம் கெட்டுவிட்டது என்று ஆங்கிலோ-சாக்ஸன் நாளாகமம் எழுதுகிறது. நார்மண்டியில் இருந்த மன்னர் ஆணை அனுப்பினார். 1124ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸையொட்டி நாட்டின் அக்கசாலையர்கள் வின்செஸ்டர் நகருக்கு அழைக்கப்பட்டனர். சாலிஸ்பரி ஆயர் ரோஜரின் மேற்பார்வையில் அவர்களது வலது கை வெட்டப்பட்டது, ஆண்மையும் நீக்கப்பட்டது. தண்டிக்கப்பட்டவர் 94 பேர் என்று ஒரு குறிப்பு கூறும். காசையும் நேர்மையையும் நாணயம் என்ற ஒரே சொல்லால் குறிப்பவர்கள் நாம். ஆயினும் இந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை. எத்தனை பேர் உண்மையிலேயே தவறு செய்தவர்கள் என்பதை அறிய இன்று வழியில்லை.

மூன்று சிலுவைகள்

இனி, கையில் ஒரு காசு இருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது? முகத்திலிருந்து அன்று. அக்காலத்து அரசமுகம் எதுவும் உண்மையான சாயல் அல்ல. கிரீடம் அணிந்த ஒரு பொது முகம். காசைத் திருப்பிச் சிலுவையைப் பாருங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் இடைக்காலத்தின் முடிவு வரையிலான காசுகளுள் பெரும்பான்மையை அதுவே மூன்று குவியல்களாகப் பிரித்துவிடும்.

சிலுவை இரட்டைக் கோடுகளால் ஆனதாகவும், கைகள் எழுத்து வளையத்திற்குள்ளேயே நின்றுவிடுவதாகவும் இருந்தால் அது குறுஞ்சிலுவை. 1180 முதல் 1247 வரை. அதன் நான்கு கோணங்களிலும் நான்கிதழ்ப் பூப்போல் சிறு குறிகள் இருக்கும். இரட்டைக் கோட்டுச் சிலுவை எழுத்துகளைக் கடந்து விளிம்பு வரை நீண்டிருந்தால் அது நெடுஞ்சிலுவை. 1247 முதல் 1279 வரை. கோணங்களில் மும்மூன்று புள்ளிகள். சிலுவை விளிம்பு வரை நீண்டு, ஆனால் ஒற்றைத் தடித்த கோடாக இருந்தால் அது 1279இல் முதலாம் எட்வர்டு கொண்டுவந்த வடிவம். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இதிலும் மும்மூன்று புள்ளிகள் உண்டு. ஆனால் மன்னருக்குத் தாடி இல்லை.

சிலுவை ஏன் நீண்டது? குறுஞ்சிலுவைக் காசின் விளிம்பை யாரேனும் கத்தரித்து வெள்ளியைத் திருடினால், உட்பகுதி முழுமையாகவே தோன்றியது. பல காசுகளின் விளிம்பைச் சிறிது சிறிதாக வெட்டிச் சேர்த்தால் ஒரு வெள்ளிக்கட்டி கிடைத்துவிடும். 1247இல் மூன்றாம் ஹென்றி நாணயத்தைப் புதுக்கியபோது, சிலுவையின் நான்கு முனைகளும் விளிம்பைத் தொடுமாறு அமைத்தனர். முனை தெரியாவிட்டால் காசு வெட்டுப்பட்டது என்று எழுத்தறியாதவரும் கண்டுகொள்வர். ரூபாய் நோட்டின் பாதுகாப்பு இழைக்கு முன்னோடி என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது. இத்தனை பெரிய பணிக்கு முதல் வேண்டுமே? மன்னரின் தம்பி, காரன்வால் பிரபு ரிச்சர்டு அந்த முதலைக் கடனாகக் கொடுத்து, வருவாயில் பங்கு பெற்றார்.

எனினும் கத்தரிப்பு நிற்கவில்லை. 1278இல் அக்குற்றத்தைச் சாட்டி இங்கிலாந்தில் வாழ்ந்த யூதர்கள் நூற்றுக்கணக்கில் சிறைப்பட்டனர், பலர் தூக்கிலிடப்பட்டனர். கிறிஸ்தவர்களும் குற்றஞ்சாட்டப்பட்டனர், ஆனால் தண்டனையின் சுமை யூதர்கள்மேலேயே மிகுதியாக விழுந்தது. 1290இல் யூத மக்கள் முழுவதும் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். விளிம்பு குறைந்த நெடுஞ்சிலுவைக் காசு ஒன்றைக் கையிலெடுக்கும்போது இதையும் நினைவில் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

எந்த ஹென்றி?

குறுஞ்சிலுவைக் காசின் தலைப்பக்கத்தில் ‘ஹென்ரிகஸ் ரெக்ஸ்’ என்று இருக்கும். ஹென்றி மன்னர் என்பது பொருள். 1180 முதல் 1247 வரை ஆண்டவர்கள் இரண்டாம் ஹென்றி, ரிச்சர்டு, ஜான், மூன்றாம் ஹென்றி ஆகிய நால்வர். ஆனால் நால்வர் காலத்திலும் காசில் ஹென்றியின் பெயரே. சிங்கநெஞ்சன் என்று புகழ்பெற்ற ரிச்சர்டின் பெயர் பிரான்சில் அவர் ஆண்ட பகுதிகளின் காசுகளில் உண்டு. ஜானின் பெயர் அயர்லாந்துக் காசுகளில் உண்டு. இங்கிலாந்துப் பென்னியில் இருவர் பெயரும் இல்லை. ஆகவே ரிச்சர்டின் பெயர் தாங்கிய இங்கிலாந்துப் பென்னி என்று யாரேனும் விற்க வந்தால், வணக்கம் சொல்லி வழியனுப்பிவிடலாம்.

எந்த ஹென்றி என்ற கேள்வி நெடுநாள் தெளிவில்லாமல் கிடந்தது. 1864இல் மான்செஸ்டருக்கு அருகில் எக்கிள்ஸ் என்னும் ஊரில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட குறுஞ்சிலுவைக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த ஜான் எவான்ஸ் 1865இல் அவற்றை ஐந்து வகுப்புகளாகப் பிரித்து, எது எவர் காலத்தது என்று காட்டினார். எவான்ஸ் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். காகித ஆலை நடத்தியவர். கிரீட் தீவின் நாசஸ் அரண்மனையை அகழ்ந்த ஆர்தர் எவான்ஸ் அவருடைய மகன். அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் இப்படி ஒரு வேலையைச் செய்து முடிக்கலாம் என்பதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அவர் கையாண்ட முறையே இன்றும் சேகரிப்போரின் முறை. மன்னரின் காதோரச் சுருள்மயிரை எண்ணுவது; கிரீடத்து முத்துகளை நோக்குவது; எழுத்துகளின் வடிவம் சதுரமா உருண்டையா எனப் பார்ப்பது; எல்லாவற்றுக்கும் மேலாக, பூப்பக்கத்துப் பெயரைப் படிப்பது. ஓர் அக்கசாலையர் எந்த ஊரில் எந்த ஆண்டுகளில் பணியிலிருந்தார் என்பது பழைய ஆவணங்களாலும் புதையல்களாலும் பெருமளவு தெரிந்திருக்கிறது. பெயர் கிடைத்தால் காலமும் கிடைத்துவிடும்.

பெயரைப் படிக்கும் முறை எளிது. பன்னிரண்டு மணி நிலையில் உள்ள சிறு சிலுவையிலிருந்து வலஞ்சுழியாகப் படிக்க வேண்டும். இடையில் ‘ஆன்’ என்ற சொல் வரும். அதற்கு முன்னிருப்பது ஆள், பின்னிருப்பது ஊர். ‘இல்கேர் ஆன் லுண்ட்’ என்றால் லண்டனைச் சேர்ந்த இல்கேர். ‘கான்ட்’ என்பது கேன்டர்பரி. ‘எவர்வ்’ என்பது யார்க். ‘வின்க்’ என்பது வின்செஸ்டர். இந்த எளிய விதியை மறந்து நானே ஒருமுறை இடறினேன். என் காசு ஒன்றில் ‘ஹுவே ஆன் நிக்கோ’ என்று இருந்தது. நிக்கோல் என்பது லண்டனிலும் கேன்டர்பரியிலும் பணிபுரிந்த அக்கசாலையர் ஒருவரின் பெயர் என்று படித்திருந்தேன். அதனால் நிக்கோலை ஆள் என்று கொண்டு, ஹுவே என்னும் ஊரைத் தேடி இரண்டு வாரங்கள் வரைபடத்தைப் புரட்டினேன். நார்மானியப் பிரெஞ்சு வழக்கில் லிங்கன் நகரின் பெயரே நிக்கோல் என்பது பிறகுதான் தெரிந்தது. ஹுவே என்பவர் லிங்கனின் அக்கசாலையர்.

பெயர் மறைந்த ஆண்டு

1279இல் முதலாம் எட்வர்டு செய்த மாற்றம் பெரிது. பொறுப்பு முழுவதும் மார்செய் நகரத்து வில்லியம் டர்ன்மயர் என்னும் தலைமை அக்கசாலையரிடம் ஒப்படைக்கப்பட்டது. காசிலிருந்து தனிமனிதர் பெயர் மறைந்தது. ஊர்ப்பெயர் மட்டும் எஞ்சியது. ‘சிவிடாஸ் லண்டன்’ என்றால் லண்டன் மாநகரம். ‘சிவிடாஸ் கேன்டர்’ கேன்டர்பரி. ‘சிவிடாஸ் எபோராசி’ யார்க். ‘வில்லா பிரிஸ்டோலி’ பிரிஸ்டல் ஊர். புனித எட்மண்டின் பரி என்னும் ஊரில் மட்டும் ராபர்ட் டி ஹேட்லி என்பவரின் பெயர் சிறிது காலம் தொடர்ந்தது; இங்கிலாந்துக் காசில் இவ்வாறு இடம்பெற்ற கடைசி அக்கசாலையர் அவர்.

தனிமனிதர் பொறுப்பு போனதும் அதன் இடத்தில் ஒரு தணிக்கை முறை வந்தது. அடித்த காசுகளிலிருந்து மாதிரிகளை எடுத்து ஒரு பெட்டியில் இட்டுப் பூட்டிவைத்து, பின்னர் நடுவர் குழுவின் முன் எடையும் தூய்மையும் சோதிப்பர். பெட்டி என்னும் பொருள்படும் சொல்லால் ‘பிக்ஸ்’ சோதனை என இது வழங்கும். 1282இல் முறைப்படுத்தப்பட்ட இச்சோதனை இன்றும் ஆண்டுதோறும் லண்டன் பொற்கொல்லர் மன்றத்தில் நடைபெறுகிறது. எங்கள் துறையில் தணிக்கை என்றதும் முகஞ்சுளிக்கும் இளம் அலுவலர்களிடம், கை வெட்டும் முறைக்கு மாற்றாக வந்தது இது என்று சொல்வதுண்டு.

இக்காலத்துக் காசுகள் பெருமளவில் கிடைப்பதால், புதிதாகத் தொடங்குவோருக்கு முதலாம் எட்வர்டின் லண்டன் பென்னியே ஏற்றது. தலைப்பக்கத்தில் அவர் பெயர் ‘எட்வ்’ எனச் சுருக்கமாக இருந்தால் பெரும்பாலும் முதலாம் எட்வர்டு. ‘எட்வா’ என்றால் அவர் ஆட்சியின் இறுதி ஆண்டுகளாகவோ, 1307இல் அரியணை ஏறிய இரண்டாம் எட்வர்டின் காலமாகவோ இருக்கும். நம் நாணயங்களில் ஆண்டின் கீழே மும்பைக்கு வைரவடிவம், ஐதராபாதுக்கு விண்மீன், நொய்டாவுக்குப் புள்ளி எனக் குறிகள் உண்டல்லவா? அவ்வாறே டரம் நகர ஆயர்கள் தம் காசில் தமக்குரிய குறியை இட்டனர். ஆயர் பெக்கின் காசில் தனிவடிவச் சிலுவை. அவருக்குப் பின் வந்த கெல்லாவின் காசில், சிலுவையின் ஒரு முனை ஆயர்கோலின் வளைவாகத் திரும்பியிருக்கும்.

அரசியலும் காசில் எழுத்தாகும். மூன்றாம் எட்வர்டு பிரான்சின் அரியணைக்கும் உரிமை கோரியவர். 1351இல் அவர் வெளியிட்ட நான்கு பென்னி மதிப்புள்ள ‘குரோட்’ காசில் பிரான்சின் மன்னர் என்ற பட்டமும் இருக்கும். 1360இல் பிரெட்டினி உடன்படிக்கை கையெழுத்தான பின் அப்பட்டம் நீங்கி, அக்விட்டேன் பகுதியின் பெயர் வந்தது. 1369இல் போர் மீண்டும் தொடங்கியதும் பிரான்சு திரும்பி வந்தது. காசில் ஆண்டு பொறிக்கும் வழக்கம் இல்லாத காலத்தில் இந்த ஒரு சொல்லே நமக்கு ஆண்டைக் காட்டிவிடுகிறது.

கிரீடத்திற்குப் பதிலாக ரோஜா மாலை சூடிய முகம் கண்டால் அது இங்கிலாந்துக் காசே அன்று. கடலுக்கு அப்பாலிருந்த சிற்றரசர்கள் பென்னியின் நற்பெயரைப் பயன்படுத்திக்கொள்ள அடித்த போலிகை அது. 1299 கிறிஸ்துமஸில் அவற்றின் மதிப்பு அரைப்பென்னியாகக் குறைக்கப்பட்டது; 1300 ஈஸ்டரில் அவை அறவே செல்லாதவை ஆயின. எட்வர்டு மன்னரின் பண மதிப்பிழப்பு என்று சொல்லலாம்.

தராசு சொல்வது

நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு இன்று எளிதில் கிடைக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடுத்தபடி இதுவே இன்றியமையாத கருவி. 1279இல் பென்னியின் எடை சுமார் 1.44 கிராம். 1351இல் 1.17 கிராம். 1412இல் 0.97 கிராம். 1464இல் 0.78 கிராம். இவ்வளவு காலமும் வெள்ளியின் தூய்மை 92.5 விழுக்காடாகவே இருந்தது. எடைதான் ஏறத்தாழ பாதியாயிற்று. அதே பெயர், அதே முகமதிப்பு, உள்ளே பாதி வெள்ளி.

ஆகவே எட்வர்டு என்ற பெயரோடு 1.4 கிராம் எடையுள்ள பென்னி, 1464க்குப் பிந்திய நான்காம் எட்வர்டுடையதாக இருக்க முடியாது. ஆனால் எடை குறைவாக இருந்தால் மட்டும் முடிவு கட்டிவிடக் கூடாது. விளிம்பு வெட்டுப்பட்ட பழைய காசாகவும் இருக்கலாம். எழுத்துகளின் தலைப்பகுதி அறுபட்டிருக்கிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும்.

வாங்கும் முன்

பதினொன்றில் ஒன்று போலி என்றேன். அது ஒரு நெடுஞ்சிலுவைக் காசு. விலை மலிவு, படத்தில் அழகு. வீட்டுக்கு வந்ததும் எடைபோட்டால் 1.9 கிராம். மேற்பரப்பு சோப்புக்கட்டிபோல் மழுங்கி, நுண்ணிய குழிகளோடு இருந்தது. விளிம்பைச் சுற்றி அரம் தேய்த்த கோடு. அச்சில் அடித்ததன்று, வார்த்தது. கள்ள நோட்டைக் கண்டறிவது எப்படி என்று கிளையில் வகுப்பெடுக்கும் நான் இதில் ஏமாந்தேன். விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. வாங்கும் முன்பே எடையையும் விளிம்பின் படத்தையும் கேட்டிருக்க வேண்டும். ஒரே கீறலும் ஒரே குழியும் உள்ள இரண்டு காசுகள் விற்பனைக்கு வந்தால், இரண்டும் ஒரே வார்ப்பில் பிறந்தவை என்று கொள்ளலாம்.

நூல்களில் லண்டன் ஸ்பிங்க் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் இங்கிலாந்து நாணயப் பட்டியலும், நார்த் என்பவர் இரண்டு தொகுதிகளாக எழுதிய நூலும் அடிப்படையானவை. விற்பனைக் குறிப்புகளில் வரும் எஸ், என் எழுத்துடன் கூடிய எண்கள் இவற்றைச் சுட்டுபவை. பிரிட்டனில் 1997 முதல் நடைபெறும் தொல்பொருள் பதிவுத் திட்டத்தின் படங்களை இணையத்தில் கட்டணமின்றிக் காணலாம். நல்ல காசுகள் மட்டுமன்றி, தேய்ந்தவையும் உடைந்தவையும் அங்கே இருப்பதே அதன் பயன். வயலில் கிடைத்த காசுகளைப் பதிவு செய்வதற்கு அந்நாட்டார் தரும் மதிப்பு பட்டறிவால் வந்தது. 1807இல் லிங்கன்ஷயரின் டீல்பி என்னும் ஊரில் இரண்டாம் ஹென்றியின் காசுகள் பெரும்புதையலாகக் கிடைத்தபோது, சிலவற்றை எடுத்துவைத்துவிட்டு ஐயாயிரத்திற்கும் மேற்பட்டவற்றை அரசு அக்கசாலையில் உருக்கிவிட்டனர். அத்தனை பெயர்களும் வெள்ளிக்கட்டியாயின. இன்று இங்கிலாந்தில் முந்நூறு ஆண்டு கடந்த வெள்ளிக் காசுகள் இரண்டு ஒரே இடத்தில் கிடைத்தாலே சட்டப்படி அது புதையல். 14 நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும். எனவே காசு எங்கிருந்து வந்தது, முறையாக நாட்டை விட்டு வெளியே வந்ததா என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

இந்தியாவிலும் ஒரு சட்டம் உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டத்தின் வரையறை, நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுடைய நாணயங்களைத் தொல்பொருளில் சேர்க்கிறது; தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. வாங்கிய காசை வெளிநாட்டுக்கு விற்கலாம் என்று எண்ணுவோர் முன்னரே விசாரித்துக்கொள்வது நல்லது. முதலீடாக இதில் இறங்கலாமா என்று வாடிக்கையாளர் சிலர் என்னிடம் கேட்டிருக்கின்றனர். வைப்புநிதிக்குரிய பணத்தை இதில் போட வேண்டாம் என்பதே என் விடை. விற்க விரும்பும் நாளில் வாங்குவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் நம் ஊரில் எளிதில் அகப்பட மாட்டார்.

காசைத் துலக்க வேண்டாம். புளியும் சாம்பலும் வெள்ளிக் குத்துவிளக்கிற்கு; எண்ணூறு ஆண்டுக் கருமை காசின் பாதுகாப்பு. பி.வி.சி. உறையில் வைத்தால் நாளடைவில் பச்சைப் பிசுக்குப் படியும். அமிலமற்ற காகித உறை மேல். பாதுகாப்புப் பெட்டகத்தில் வைப்பதாயின் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றை உடன் வைத்து, ஒவ்வொரு காசின் படத்தையும் எடையையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பெட்டகத்துக்குள் என்ன இருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது.

என் பதினொன்றில் விடை காணாத காசு ஒன்று உண்டு. குறுஞ்சிலுவைப் பென்னியின் அரைத்துண்டு. வெட்டியவர் நேராக வெட்டியிருக்கிறார். ஆனால் பெயரின் நடுவே வெட்டிவிட்டார். எஞ்சியிருப்பது ‘...ஏர் ஆன் லு...’ என்பது மட்டுமே. ஊர் லண்டன், அதில் ஐயமில்லை. ஆள் இல்கேரா, வால்டேரா, ரெய்னேரா? மூவரும் லண்டனில் காசடித்தவர்கள். தலைப்பக்கத்தில் மன்னரின் இடப்பக்கச் சுருள்கள் மட்டும் தெரிகின்றன. விடையைச் சொல்லக்கூடிய வலப்பக்கம், சில்லறையாக யாரிடமோ போய்விட்டது.